பெயர் மாறிய கோப்புகளும் நின்றுபோன 97.4 சதவீதமும்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு கோபியிலிருந்து போன்.

"ஏனுங் தம்பி, எழுப்பிப்போட்டனுங்களா? அந்த டவுன்லோடு 97.4-லயே நிக்குதுங்க. ஒரு மாசமாச்சு. நம்ம கம்ப்யூட்டர்ல ஏதாச்சுங் கோளாறுங்களா?"

பேசியவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எழுபத்தெட்டு வயது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களைப் பற்றி ஆறேழு வருடமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தேவையான பழைய பாசன அறிக்கை ஒன்று எங்கள் டாரன்ட் தொகுப்பில் இருக்கிறது. நான்தான் வாட்ஸப்பில் அந்தத் தொகுப்பின் மேக்னெட் இணைப்பை அனுப்பி, "விடிய விடிய ஓடட்டும் சார், தானா இறங்கிரும்" என்று சொல்லியிருந்தேன்.

"உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லீங்க சார். இருங்க, பாக்கறேன்."

பார்த்தேன். கோளாறு என்னுடையது. என் டாரன்ட் மென்பொருளில் அந்தத் தொகுப்பு சிவப்பு எழுத்தில் 'கோப்புகள் காணவில்லை' என்று இரண்டு மாதமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. கோப்புகள் எங்கும் போய்விடவில்லை. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றியிருந்தேன். மாற்றியதோடு விட்டேனா? ஒவ்வொன்றுக்கும் நல்ல தமிழ்ப் பெயராக வைத்து, ஆண்டு வாரியாக அடுக்கி, பெருமையாக ஒரு ஸ்க்ரீன்ஷாட் வேறு எடுத்து வைத்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு மாதத்தைப் பற்றியது. அப்படியே, ஒரு பொருளை இடம் மாற்றிப் பெயரும் மாற்றிவிட்டால் அது அதே பொருள்தானா என்ற கேள்வியைக் கணினிக்காரர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதைப் பற்றியதும்கூட.

முதலில் தொகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டாரன்ட் என்றாலே நம் ஊரில் புதுப்படத் திருட்டு என்றுதான் நினைப்பார்கள். இது அது இல்லை. 2017 வாக்கில் என் நண்பர் ஒருவர் கொங்குப் பகுதி சம்பந்தப்பட்ட பழைய நூல்களின் ஸ்கேன்களைச் சேர்த்தார். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு ஆகிவிட்டதா என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்த்துத்தான் சேர்ப்பார். மொத்தம் 212 பிடிஎஃப், 38 ஜிபி. இதை யாருக்கு எப்படி அனுப்புவது? டிஸ்க்கை கூரியரில் அனுப்ப அவருக்குப் பயம். ஆகவே டாரன்ட் ஆக்கினார். நாங்கள் ஏழெட்டுப் பேர் இறக்கிக்கொண்டோம். மற்றவர்கள் இறக்கியதும் மூடிவிட்டார்கள். கடைசிவரை பகிர்ந்துகொண்டிருந்தது அவரும் நானும் மட்டும்தான். மூன்று வருடத்துக்கு முன் அவர் தவறிவிட்டார். அவருடைய கணினியும் அணைந்தது. அன்றிலிருந்து முழுப் பிரதி வைத்திருக்கும் சீடர் நான் ஒருவன்.

(டாரன்ட் உலகத்தில் முழுப் பிரதியை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுப்பவரை 'சீடர்' என்பார்கள். விதை போடுபவர் என்ற ஆங்கிலப் பொருளில். தமிழில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. ஆனால் அந்தக் காலத்தில் குருவிடமிருந்து ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போய், அடுத்தவனுக்கும் எழுதக் கொடுத்தவனும் சீடன்தானே. பொருந்தித்தான் வருகிறது.)

பெயரும் இடமும் மாறுவது சத்தியமங்கலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் கோயம்புத்தூர் மாவட்டம். 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்தது. என் சான்றிதழில் அந்தப் பெயர். 1990-களின் பிற்பகுதியில் தலைவர்கள் பெயரெல்லாம் மாவட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டபோது ஈரோடு மாவட்டம் ஆனது. என் மகளுக்கு அதுதான். மூன்று தலைமுறையும் ஒரே தெருவில்தான் பிறந்தோம். கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் வேடிக்கை. 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் படைக்கும் கர்னல் ஃபிளாய்டின் கம்பெனிப் படைக்கும் இங்கே சண்டை நடந்தது. ஆங்கில ராணுவ வரலாறுகளில் அந்தச் சண்டையைத் தேட வேண்டுமானால் 'சிட்டிமங்குலம்' என்று தேட வேண்டும். சத்தியமங்கலம் என்று தட்டினால் கிடைக்காது. ஊர் அதேதான், பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுகிறவனுக்கு மட்டும் ஊரைக் காணோம்.

நேர்மாறான கதையும் பக்கத்திலேயே உண்டு. பவானிசாகர் அணை கட்டும் வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. அதில் தண்ணாயக்கன்கோட்டை மூழ்கியது. ஹொய்சளர் காலத்துத் தண்டநாயகர்களின் கோட்டை. பெயர் இருக்கிறது, வரைபடத்தில் இடமும் இருக்கிறது, போனால் தண்ணீர்தான். நீர்மட்டம் ரொம்பவும் இறங்கும் வருடங்களில் மாதவராயப் பெருமாள் கோயில் தலைகாட்டும். எங்கள் ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

சரி, கணினிக்கு வருவோம்.

கோப்பு ஒன்று, அதன் பெயர் வேறொன்று என்பது யூனிக்ஸ் காலத்திலேயே தெளிவாகிவிட்ட விஷயம். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் அமைத்த முறையில், கோப்பு வட்டில் ஓரிடத்தில் ஒரு எண்ணோடு கிடக்கும். பெயர் கோப்புக்குள் இருக்காது. அடைவில், அதாவது ஃபோல்டரில், 'இந்தப் பெயர் என்றால் இந்த எண்' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் கொடுக்கலாம், மூன்று கொடுக்கலாம். ஒரு பெயரை அழித்தாலும் இன்னொரு பெயர் இருக்கிறவரை கோப்பு சாகாது. இதைத்தான் ஹார்டு லிங்க் என்கிறோம். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, ரேஷன் கார்டில் பெயர் வேறு என்று இருக்கிற நமக்கு இது புரியாத விஷயமில்லை.

ஆனால் கோப்புகளை ஊருக்குப் பகிர ஆரம்பித்தபோது இந்தப் பாடத்தை மறந்துவிட்டார்கள். 1999-இல் வந்த நாப்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷான் ஃபானிங் என்ற கல்லூரி மாணவர் எழுதியது. யார் கணினியில் என்ன பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் நாப்ஸ்டரின் நடு சர்வரில் இருக்கும். அந்தப் பட்டியலில் தேடுவது கோப்பின் பெயரை வைத்துத்தான். பாட்டுக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2001 மார்ச்சில் நீதிபதி மேரிலின் பட்டேல், பதிப்புரிமை உள்ள பாடல்களை வடிகட்டியாக வேண்டும் என்று உத்தரவிட்டார். நாப்ஸ்டர் பெயரை வைத்து வடிகட்டியது. பயனர்கள் என்ன செய்தார்கள்? பெயரை மாற்றினார்கள். ஆங்கிலப் பிள்ளைகள் விளையாட்டுக்குப் பேசுகிற, முதல் எழுத்தைக் கடைசிக்குக் கொண்டுபோகிற 'க' பாஷை மாதிரி ஒன்று உண்டு. அதில் மெட்டாலிகா 'எட்டாலிகாமே' ஆகிவிடும். சர்வருக்கு அது யாரென்றே தெரியாது, கேட்கிறவனுக்குத் தெரியும். இப்படிப் பெயர் மாற்றித் தருவதற்கே தனியாக மென்பொருள் வந்தது. கோப்பை அதன் பெயரால் அடையாளம் காண முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2001 ஜூலையில் நாப்ஸ்டரில் பரிமாற்றம் நின்றது. பிறகு அது பழையபடி திறக்கவே இல்லை.

அதே 2001 ஜூலை, இரண்டாம் தேதி, பிராம் கோஹன் என்ற நிரலாளர் பிட்டாரன்ட்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை; தற்செயல்தான். ஆனால் ஒரு யுகம் முடிந்த மாதமே அடுத்தது தொடங்கிவிட்டது.

கோஹன் செய்தது இது. பகிர வேண்டிய கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, சம அளவான துண்டுகளாக வெட்டுவது. எங்கள் தொகுப்பில் ஒரு துண்டு 4 எம்பி. ஆக மொத்தம் 9,700-க்கும் மேல். ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்.எச்.ஏ-1 என்ற கணக்கைப் போட்டு 20 பைட் நீளமுள்ள ஒரு முத்திரை எடுப்பது. துண்டில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இந்த முத்திரைகள், கோப்புகளின் பெயர்கள், ஒவ்வொன்றின் சரியான பைட் நீளம் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலுக்கே ஒரு முத்திரை. அந்தக் கடைசி முத்திரைதான் தொகுப்பின் அடையாளம். மேக்னெட் இணைப்பில் நீளமாக எழுத்தும் எண்ணுமாகக் கிடக்கிறதே, அதுதான். (இப்படி உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் காண்பதைக் கோஹன்தான் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. இல்லை. 2000-இல் வந்த இடாங்கி 2000 இதைச் செய்தது. அதன் வாரிசான இம்யூலில் ஒரே கோப்பை ஆளுக்கொரு பெயரில் வைத்திருப்பார்கள். எல்லாப் பெயரையும் வரிசையாகக் காட்டும்.)

பிட்டாரன்ட்டின் விதிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பட்டியலில் உள்ள பெயர் வெறும் ஆலோசனைதான் என்று விதிமுறையே சொல்கிறது. இந்தப் பெயரில் சேமித்தால் நன்றாக இருக்கும், கட்டாயமில்லை என்கிற மாதிரி. இறக்குகிறவர் தன் வட்டில் என்ன பெயரும் வைத்துக்கொள்ளலாம், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். துண்டுகளின் முத்திரை பொருந்தினால் போதும்.

ஆனால் இதில் ஒரு முரண் இருக்கிறது. பெயர் வெறும் ஆலோசனை. ஆனால் அது அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. பட்டியலின் முத்திரையில் அதுவும் கலந்திருக்கிறது. ஆகவே பட்டியலில் ஒரு கோப்பின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அடையாளம் மாறிவிடும்; அது வேறொரு டாரன்ட். உங்கள் வீட்டில் என்ன பெயரிட்டுக் கூப்பிட்டாலும் சரி, பிறந்தபோது எழுதிய ஜாதகத்தில் கைவைக்கக் கூடாது. இந்த விஷயம் பிறகு வேறு விதத்தில் எனக்கு உதவியது, வருகிறேன்.

அப்படியானால் நான் பெயர் மாற்றியதில் என்ன தவறு? மாற்றியதில் தவறில்லை. மென்பொருளிடம் சொல்லாமல் மாற்றியதுதான் தவறு. டாரன்ட் மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் 'டி டிரைவில் இந்த ஃபோல்டரில் இந்தப் பெயரில் இருக்கிறது' என்ற குறிப்பு. அது வட்டு முழுக்கத் தேடிக்கொண்டு போகாது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் நான் பெயர் மாற்றினால் அதற்கு எப்படித் தெரியும்? மாற்ற வேண்டிய இடம் மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இடம் மாற்ற 'செட் லொக்கேஷன்'. ஒவ்வொரு கோப்பின் மேலும் வலது சொடுக்கினால் 'ரீநேம்'. அங்கே மாற்றினால் வட்டிலும் மாறும், அதன் குறிப்பிலும் மாறும், பகிர்வு ஒரு நொடிகூட நிற்காது. டிரான்ஸ்மிஷன் மாதிரி சிலவற்றில் இந்தப் பெயர் மாற்றும் வசதி 2013-இல்தான் வந்தது. அதற்கு முன் கஷ்டம்தான். கியூபிட்டாரன்ட், மியூடாரன்ட் எல்லாவற்றிலும் இன்று ஏதோ ஒரு வடிவில் உண்டு.

இன்னொரு வழி, மேலே சொன்ன ஹார்டு லிங்க். பழைய பெயர் பழைய ஃபோல்டரிலேயே இருக்கட்டும். அதே கோப்புக்கு நம் அலமாரியில் நமக்குப் பிடித்த இரண்டாவது பெயர் கொடுத்துக்கொள்ளலாம். இடம் இரட்டிப்பாக ஆகாது. ஆனால் இரண்டு பெயரும் ஒரே வட்டுப் பகுதிக்குள் இருந்தாக வேண்டும், அதுவும் எக்ஸ்ஃபேட் போட்ட டிஸ்க்கில் நடக்காது. எனக்கு உதவாத வழி, ஆனால் உங்களுக்கு உதவலாம்.

நான் ஏன் பெயர் மாற்றினேன் என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்களின் லட்சணம் அப்படி. எங்கள் தொகுப்பில் முக்கால்வாசி டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா ஸ்கேன்கள். 2000-களில் ராஜ் ரெட்டியின் பத்து லட்சம் புத்தகத் திட்டத்தின் பகுதியாக, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தை மையமாக வைத்து நடந்த வேலை. எத்தனையோ அரிய தமிழ் நூல்கள் அதில்தான் பிழைத்தன. அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் பட்டியல் போட்டவர்கள் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் காதில் விழுந்தபடி தட்டிவிட்டார்கள். ஆசிரியர் பெயர் இடத்தில் பதிப்பகம், ஆண்டு இடத்தில் சுழியம். 2017 வாக்கில் பதிப்புரிமைச் சிக்கலால் அந்தத் தளம் மூடப்பட்டது. அதற்குள் கார்ல் மலமூத் என்ற அமெரிக்கர் தன் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பின் மூலம் அந்த நூல்களை இன்டர்நெட் ஆர்கைவுக்கு நகர்த்தத் தொடங்கியிருந்தார். இடம் மாறியது, பெயரும் மாறியது: 'இன் டாட் எர்நெட் டாட் டிஎல்ஐ டாட் 2015' என்று தொடங்கி ஒரு எண். புத்தகத்தை ஸ்கேன் செய்த அமைப்பின் முகவரியே புத்தகத்தின் பெயராகிவிட்டது. அந்த முகவரியில் இன்று எதுவும் இல்லை.

இதோடு ஒப்பிட்டால் மதுரைத் திட்டம் செய்தது எவ்வளவு நிதானமான வேலை என்று தெரியும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசானிலிருந்து கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய திட்டம். திருக்குறள் முதல் எண். ஒவ்வொரு மின்னூலின் உச்சியிலும் யார் தட்டச்சு செய்தார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்று ஒரு தலைப்புக் குறிப்பு. கோப்பை யாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம், அந்தத் தலைப்பை மட்டும் வெட்டாதீர்கள் என்பது நிபந்தனை. எழுத்துரு மாறி, குறியாக்கம் மாறி, இன்று யூனிகோடில் எத்தனையோ தளங்களில் வேறு வேறு பெயரில் கிடக்கின்றன. தலைப்பு இருக்கும் பிரதியை எங்கே பார்த்தாலும் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

என் கதைக்குத் திரும்புகிறேன். 212 கோப்புகள். எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றியாயிற்று. பழைய பெயர் எதற்கு எது என்று நான் குறித்து வைக்கவில்லை. இதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். என் நண்பர் வைத்த பெயர்கள் அவை. டிஎல்ஐ எண்ணுக்கு முன்னால் அவர் தன் கையால் 'கோவை', 'பவானி', 'காடு', 'வாய்க்கால்' என்றெல்லாம் சின்னச் சின்னக் குறிப்பு சேர்த்திருப்பார். சில பெயர்களில் 'பக்கம் 40 இல்லை' என்றும் இருக்கும். அழகுபடுத்துகிறேன் என்று நான் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தேன். போன் வந்த அன்று மதியம்தான் அது உறைத்தது. கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

அப்புறம்தான் ஜாதகம் நினைவுக்கு வந்தது. டாரன்ட் பட்டியலில் அவர் வைத்த 212 பெயர்களும் அப்படியே இருக்கின்றன. ஒரு எழுத்தும் மாறியிருக்க முடியாது; மாறியிருந்தால் அது அந்த டாரன்ட்டே இல்லை. பக்கத்தில் ஒவ்வொரு கோப்பின் பைட் நீளமும். பிடிஎஃப் ஒன்றின் நீளம் கடைசி பைட் வரை இன்னொன்றோடு ஒத்துப்போவது அபூர்வம். ஆகவே பெயர் தெரியாவிட்டாலும் நீளத்தை வைத்து ஜோடி சேர்த்துவிடலாம். ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன், பத்தாவதில் சலித்துப்போய், பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். "இதுக்கு எதுக்குங்ணா பேப்பரு?" என்று பத்து நிமிடத்தில் பைத்தானில் நாலு வரி எழுதிக் கொடுத்தான்.

209 ஜோடி சேர்ந்தன. மூன்று சேரவில்லை.

அந்த மூன்றையும் நான் வெறும் பெயர் மாற்றவில்லை. தேடுவதற்கு வசதியாக எழுத்துணரி ஓட்டி, சைஸைக் குறைத்து, பழையதன் மேலேயே சேமித்திருந்தேன். கண்ணுக்கு அதே புத்தகம். அதே பக்கங்கள், அதே கறை. ஆனால் உள்ளே ஒரு பைட் பழையபடி இல்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கோப்பின் பெயரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் பிடிஎஃபைத் திறந்து உள்ளே 'தலைப்பு' என்ற கட்டத்தில் ஒரு பெயரைத் தட்டிச் சேமித்தால், அது கோப்பையே மாற்றுவது. எம்பி3 பாட்டில் படத்தின் பெயரைத் திருத்துவதும் அப்படித்தான். வெளியே ஒட்டுகிற சீட்டு வேறு, உள்ளே எழுதுவது வேறு.

இன்னொரு கோளாறும் உண்டு. பழைய பிட்டாரன்ட்டில் கோப்புகளை ஒட்டிவைத்து வெட்டுவதால், ஒரு துண்டு ஒரு புத்தகத்தின் வாலும் அடுத்த புத்தகத்தின் தலையுமாக இருக்கலாம். ஒரு புத்தகம் கெட்டால் பக்கத்து வீட்டுச் சுவரும் இடிகிறது. 2020-இல் லிப்டாரன்ட் நூலகம் வழியாகப் புழக்கத்துக்கு வந்த இரண்டாம் பதிப்பில் இது சரியாகிவிட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் தனி முத்திரை, எஸ்.எச்.ஏ-1 போய் எஸ்.எச்.ஏ-256. அந்த மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து, உள்ளே வேறு வேறாக இருந்தும் எஸ்.எச்.ஏ-1 முத்திரை ஒன்றாக வரும் இரண்டு பிடிஎஃப்களைச் செய்து காட்டின. ஆனால் எங்கள் தொகுப்பு 2017-இல் செய்த பழைய வகை.

209-ஐயும் மென்பொருளுக்குக் காட்டி மறுபரிசோதனை ஓடவிட்டேன். 38 ஜிபியை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்து படிக்க முக்கால் மணி நேரம். முடிந்தபோது 98.9. பச்சை அம்புக்குறி வந்தது. கோபி ஆசிரியர் உடனே இழுக்க ஆரம்பித்தார். அவருக்கு வேண்டிய வாய்க்கால் அறிக்கை நல்லவேளையாக அந்த 209-இல் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தார்.

அப்புறம் நான் எதிர்பார்க்காதது நடந்தது. என் 98.9 மெதுவாக ஏற ஆரம்பித்தது. ஆசிரியரிடம் அந்த மூன்று புத்தகங்களின் சில துண்டுகள் இருந்தன. டொராண்டோவில் இருக்கும் ஆராய்ச்சி மாணவி ஒருவரிடம் வேறு சில துண்டுகள். கோஹனின் ஏற்பாட்டில், கூட்டத்தில் எந்தத் துண்டு மிக அபூர்வமோ அதைத்தான் மென்பொருள் முதலில் கேட்டு வாங்கும். அதனால் முன்பு நான் பகிர்ந்த காலத்தில் இருவரும் அபூர்வத் துண்டுகளாகவே வாங்கி வைத்திருந்திருக்கிறார்கள். நான் கொடுத்ததை நானே அவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் மூவருக்கும் 99.8. அங்கே நின்றது. மூன்றாவது புத்தகத்தில் இருபது துண்டு எங்கள் மூன்று பேரிடமும் இல்லை.

பதிற்றுப்பத்து இந்த நிலையில்தான் இருக்கிறது. பத்துப் பத்தாக நூறு பாட்டு. உ.வே.சா. 1904-இல் பதிப்பித்தபோது கிடைத்த ஏடுகள் எதிலும் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. எத்தனை ஏடு சேர்த்தாலும் எண்பதுதான். சில பாட்டுகள் மட்டும் உரைகாரர்களின் மேற்கோளிலிருந்தும் புறத்திரட்டிலிருந்தும் கிடைத்தன. வேறொரு தொகுப்பில் தற்செயலாகத் தங்கிய துண்டுகள். அந்த நூலில் இன்னொரு விஷயம் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பு, அந்தப் பாட்டுக்குள்ளேயே வரும் ஒரு தொடர். 'புண்ணுமிழ் குருதி' என்றால் அந்தச் சொற்கள் பாட்டின் உள்ளே இருக்கும். ஒவ்வொரு பத்தின் முடிவிலும் பதிகம் வந்து, பாடியவர் யார், அரசர் யார், பத்துப் பாட்டின் தலைப்புகள் என்னென்ன என்று வரிசையாகச் சொல்லிவிடும். ஏடு கலைந்துபோனாலும் பதிகத்தைப் பார்த்து, பாட்டுக்குள் தேடி, இடத்தில் வைத்துவிடலாம். காணாமல் போன இரண்டு பத்துக்கும் பதிகமும் போய்விட்டது. என்ன பாட்டுகள் என்று பெயர்கூடத் தெரியாது. எனக்காவது 212 பெயரும் தெரிந்தது.

மூன்றாவது புத்தகத்தை இன்டர்நெட் ஆர்கைவில் தேடினேன். 2012-இலிருந்தே அவர்கள் நூல்களுக்கு டாரன்ட் தருகிறார்கள். புத்தகம் இருந்தது. ஆனால் பிடிஎஃபின் நீளம் வேறு. இடையில் புதிதாக உருவாக்கியிருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன், ஒரு துண்டும் பொருந்தவில்லை. படிக்கிறவருக்கு ஒரு குறையும் இல்லை என்பது உண்மைதான்; புத்தகம் கைக்கு வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த 99.8 கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கட்டிய கட்டு. என் கையில் வந்து அவிழ்ந்திருக்கிறது.

நண்பர் வீட்டுக்குப் போனேன். ரங்கசமுத்திரத்தில்தான். மூன்று வருடத்தில் போயிருக்க வேண்டியது, போகவில்லை. அவர் மனைவி காபி கொடுத்தார். "கம்ப்யூட்டர கடைக்காரனுக்குப் போட்டாச்சுங்க. டிஸ்க்க மட்டும் பாப்பா கழட்டி வெச்சிருக்குது. கல்யாண வீடியோ எல்லாம் அதுலதானுங்க."

மகள் லேப்டாப்பில் மாட்டிக் காட்டினாள். கல்யாண வீடியோ, வளைகாப்பு, குழந்தையின் முதல் பிறந்தநாள். கடைசியில் 'அப்பா' என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் உள்ளே இன்னொரு ஃபோல்டர், 'அப்பா புக்ஸ் டெலீட் பண்ணாதே'. அதற்குள் 212 கோப்புகள், அவர் வைத்த பெயரிலேயே. 'வாய்க்கால்', 'காடு', 'பக்கம் 40 இல்லை'.

"இது எதுக்குன்னு தெரியாதுங்க மாமா. இடம் மட்டும் மாத்தி வெச்சேன். உள்ள எதையும் தொடல" என்றாள்.

அந்த ஒரு பிடிஎஃபைப் பென்டிரைவில் எடுத்துவந்து, என் டிஸ்க்கில் வைத்து, மறுபரிசோதனை போட்டேன். நூறு. கோபிக்கும் டொராண்டோவுக்கும் அன்றிரவே நூறு. வட்டில் என் தமிழ்ப் பெயர்களை எடுத்துவிட்டு அவர் வைத்த பெயர்களையே திரும்பப் போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய் மகளின் லேப்டாப்பிலும் மென்பொருளை நிறுவி, அந்த ஃபோல்டரைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். ராத்திரி குழந்தை தூங்கியதும் போட்டுவிடுகிறாள் போல. பதினொரு மணிக்கு மேல் பார்த்தால் சீடர்கள் நான்கு என்று காட்டுகிறது.